மூன்று பொத்தல்

சாரல் விழத் தொடங்கினால் மேலகரத்து வீடுகளில் அருவியில் குளிக்கச் சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்கள். இந்த சீசனுக்கு முத்துவடிவை நலம் விசாரிக்க வந்ததாகப் பேர். தென்காசியில் அவளுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

புளியங்குடி நாத்தனார் சங்கரேஸ்வரி ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்த கையோடு, "எங்கன கிழிச்சிருக்கு, காட்டு" என்றாள்.

வயிற்றில் மூன்று சின்னப் பிளாஸ்திரி.

"இம்புட்டுதானா? கொசு கடிச்ச மாதிரில்லா இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். புருஷன் தில்லைநாயகமும் சிரித்தான்.

முன்பு பிரசவத்தின்போது சிசேரியன் தழும்பைப் பார்த்து இதே கூட்டம் பயந்துபோய்ச் சோறு ஊட்டியது. பயம் தெளிந்ததும் இடுப்பில் குடத்தை ஏற்றியது. அந்தத் தழும்பு வழியாகத்தான் குடல் பிதுங்கியது. இப்போது மூன்று துளை மட்டும் போட்டு, அது வழியாக உள்ளே வலை வைத்திருக்கிறார்கள். "வெளியே சீக்கிரம் ஆறிரும். வலை சதையோட ஒட்டுற வரைக்கும் கனம் தூக்கக் கூடாது. தூக்கினா திரும்பவும் பிதுங்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது தில்லைநாயகம் பக்கத்தில்தான் நின்றான். தலையைக்கூட ஆட்டினான்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, தில்லைநாயகத்தையும் சேர்த்துப் பதினொரு பேரும் ஐந்தருவிக்கு வேன் ஏறினார்கள்.

"முத்து, பெரிய பானையில அரிசி போட்டிருக்கேன். வடிச்சு மட்டும் வையி" என்றாள் சங்கரேஸ்வரி வேனிலிருந்தே.

"மதினி, கனம் தூக்கக் கூடாதுன்னு..."

"மூணு பொத்தலுக்கா? போடி!"

சோறு வெந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் துணியால் பானையைப் பிடித்தாள். அசைத்ததுமே வயிற்றுக்குள் சுரீர் என்றது. விட்டுவிட்டாள். கரண்டியால் கஞ்சியை மொண்டு ஊற்றியிருக்கலாம். எதற்கு? அருவியில் ஆட்டம் போடுகிறவர்களுக்குக் கை இல்லையா?

பசியோடு வந்தவர்கள் பானையைத் திறந்தார்கள். சோறு களியாகக் குழைந்து கிடந்தது.

"ஏட்டி, வடிக்கலையா?" என்றான் தில்லைநாயகம்.

"நீங்க வடிச்சிருக்கணும். டாக்டர் சொன்னது உங்க காதுலயும்தான விழுந்துச்சு?"

சங்கரேஸ்வரி, "வாங்கடே, புரோட்டா கடைக்குப் போவோம்" என்றாள். ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு மறுபடியும் வேன் ஏறினார்கள். நீ வருகிறாயா என்று கேட்கவில்லை. உனக்கு என்ன வாங்கிவர என்றும் கேட்கவில்லை.

குழைந்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். புரையேறியது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமினாள். இருமல் அடங்கியதும் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். எதுவும் புடைக்கவில்லை. வலை பிடித்துக்கொண்டிருந்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினாள். கொடியில் பதினொரு பேரின் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.