நாற்பதாவது நொடி

தாங்கள் மூவரும் குடியிருக்கும் வாடகை வீட்டையே பேய்வீடாக்கிப் படம் எடுப்பது என்று முடிவானபோது, ஒலிப்பதிவு அக்காவின் தலையில் விழுந்தது. காது பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள். "உனக்குன்னே செஞ்ச வேலைடி" என்றாள் டைரக்டர். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் அந்தத் தோழிக்குப் படம் தொடங்கிய நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நடிப்பு தங்கைக்கு. பேய் நடமாடும் சின்ன அறையில்தான் நிஜத்தில் தங்கை தனியாகப் படுக்கிறாள்.

பேயின் மூச்சு அக்காவுடையது. பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊதிப் பதிவு செய்திருந்தாள்.

ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது தேவை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "சைலன்ஸ்" என்று குரல் கொடுத்து, தானும் வெளியேறிக் கதவைச் சாத்துவாள். பிறகு திறந்து, "போதும்" என்பாள்.

ஞாயிறு மதியம் அந்தப் பதிவுகளை அடுக்கும்போது கேட்டது. ஆளில்லாத சின்ன அறையில், நாற்பதாவது நொடியில், யாரோ மூச்சு விட்டார்கள்.

டைரக்டர் துள்ளினாள். "செம! இதையே வச்சுக்கலாம்."

"இது நான் பண்ணினதில்லை."

"அக்கா, நீ செஞ்ச பேய்க்கு நீயே பயப்படறியா?" தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா ஐந்து நாள் பதிவுகளையும் போட்டுப் பார்த்தாள். 'சைலன்ஸ்' வரும்வரை மெல்லிய மூச்சு சீராக ஓடியது. அந்தச் சொல்லோடு நின்றது. நாற்பது நொடி போல அடங்கிக் கிடந்து, பிறகுதான் வெளிவந்தது. பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மிகச் சின்ன ஒலியைப் பிடிக்க முயலும்போது, யாரும் சொல்லாமலே மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

பேய் அப்படிச் செய்யாது. ஒட்டுக்கேட்கிறவர் செய்வார்.

சின்ன அறையின் சுவர் அலமாரிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கே ரூமைக் காலி பண்ணு" என்றாள் தங்கையிடம்.

"ஒரே ஒரு சீன்தான்கா பாக்கி. என் முதல் படம். கெடுத்துடாதே."

"அவளுக்குக் காது கொஞ்சம் அதிகமா கேக்குது, விடு" என்றாள் டைரக்டர்.

அக்கா சின்ன அறைக்குள் போனாள். மைக்கைத் தங்கையின் துணிகளுக்கு நடுவே அலமாரியின் பின்பலகையை ஒட்டி வைத்தாள். ஒலியை முழுதாகக் கூட்டி, ஹெட்போனைத் தங்கையின் காதில் மாட்டினாள்.

"என்னக்கா, காத்து மாதிரி... இல்ல, யாரோ தூங்கற மாதிரி..."

"சைலன்ஸ்" என்றாள் அக்கா.

தங்கையின் சிரிப்பு பாதியில் உறைந்தது. உதடு மட்டும் அசைந்தது. "நின்னுடுச்சு."

பதினெட்டு டேக்கிலும் வராத முகம். அலறல் இல்லை, கண் உருட்டல் இல்லை. கன்னத்துச் சதை மட்டும் லேசாகத் துடித்தது. டைரக்டர் ஓசைப்படாமல் கேமராவைத் தூக்கினாள்.

"அப்படியே இரு. அசையாதே."

அக்கா லென்ஸைக் கையால் பொத்தினாள். அந்த வீட்டில் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள் கத்தினாள்.

"போதும்!"

தங்கை ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். அதிலிருந்து மூவருக்கும் கேட்டது. அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று, அனுமதி கிடைத்ததுபோல், நிதானமாக வெளியேறியது.

முதலில் வாசலுக்கு ஓடியது டைரக்டர்தான். மூவரும் செருப்பில்லாமல் படியிறங்கினார்கள். அடுத்த வீட்டைக் கடக்கும்போது அக்கா, தங்கையின் கையை விடாமல், கதவைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் பார்க்கிற பூட்டு தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பூட்டப்படவில்லை.