ஒரு தடவைதான் கேட்பார்கள்

"என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று மாண்ட்ரியாலில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். பதிலைக் கேட்டதும் அவர்கள் முகம் போகிற போக்கு அப்படி. எல்லைக்குத் தெற்கே, பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்தில் ஓர் அமெரிக்க மாநிலம். அந்த மாநிலத்துக்கு ஒரு செனட், அதாவது மேல்சபை. அந்த செனட்டில் ஒவ்வொரு கட்சியும் தனக்கொரு தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தது என்பதுதான் என் ஆராய்ச்சி. டாக்டர்களும் எஞ்சினியர்களும் நிறைந்த எங்கள் தமிழ்க் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்பது லேசான காரியமில்லை. "ஓகோ" என்பார்கள். உடனே என் கணவர் ஜெயசங்கர் பக்கம் திரும்பிப் பாலம் கட்டுவதைப் பற்றி விசாரிப்பார்கள்.

ஆசைப்பட்டு ஒன்றும் அந்த செனட்டைத் தேடிப் போகவில்லை. இந்த ஊர் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் மேல்சபையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லித்தான் 1968 செப்டம்பரில் இங்கே வந்து இறங்கினேன். அந்த டிசம்பரோடு மேல்சபையையே கலைத்துவிட்டார்கள். "கமலினி வந்தா, சபை போச்சு" என்று ஜெயசங்கர் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்தார். இல்லாமல் போன சபையைப் பற்றியும் எழுதலாம்தான். ஆனால் என் பிரெஞ்சு அப்போது போன்ஷூர், மெர்சி என்ற வணக்கம் நன்றியைத் தாண்டவில்லை. அதனால் தெற்கே பஸ் ஏறினேன்.

போனது வீண் போகவில்லை. அந்த மாநிலத் தலைநகரில், சட்டசபைக் கட்டடத்தின் அடித்தளத்தில், இரண்டு கட்சிகளும் கதவைச் சாத்திக்கொண்டு நடத்திய கூட்டங்களின் குறிப்புகள் நாற்பது வருஷத்துக்கு அப்படியே இருந்தன. முதலில் தலைவர் என்று யாரும் கிடையாது. வயதில் மூத்தவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிறகுதான் ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம் சிறுபான்மைக் கட்சிக்கு மொத்தமே நாலு பேர். அந்த நாலு பேரும் கோட்டு மாட்டும் அறையில் உட்கார்ந்து, தங்களுக்குள் ஒரு தலைவரை எடுக்க ரகசிய ஓட்டு நடத்தியிருக்கிறார்கள். மூன்று நாள் நடத்தியும் இரண்டுக்கு இரண்டு. அதைப் படித்துவிட்டு அடித்தளத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எனக்கு அந்த மனிதர்களை அவ்வளவு பிடித்துப்போனது.

ஆறு வருஷம் ஓடியது. 1974 மார்ச்சில் ஆய்வேடு முடிந்து கையில் இருந்தது. உதவித்தொகை ஆகஸ்டோடு நிற்கப்போகிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் துறையில் ஒரு நிரந்தர ஆசிரியர் வேலை காலியானது. என் பாடத்துக்கு இந்த ஊரில் அடுத்த வேலை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேறு மாகாணத்துக்குப் போவதென்றால் ஜெயசங்கருக்கு வேலை ஆற்றுக்கு அக்கரையில், எங்கள் வீடு இருக்கும் லோங்கேயில். கிடைத்தால் இது, இல்லாவிட்டால் வீடு. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

துறைத் தலைவர் விட்லாக் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "இந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? அப்படியானால் குழுவிடம் உங்கள் பெயரைச் சொல்கிறேன்" என்றார்.

மனசு உடனே சரி என்றது. வாய் மட்டும் தானாகப் பேசியது. "நானா? என்னைவிடத் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே."

"அப்படியா? வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி" என்று அவர் முன்னாலிருந்த தாளில் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்தார். நான் கைப்பையைத் திறந்தேன், மூடினேன், கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டேன். மறுபடி கேட்பார், இதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்போம். அட, கொஞ்சம் குடிங்க என்பார்கள். ஐயோ, எதுக்குச் சிரமம் என்போம். மூன்றாவது தடவை டம்ளர் கைக்கு வந்துவிடும். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு மதாம் டீ வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அவள் கெட்டிலை அலமாரியில் வைத்துவிட்டாள். தொண்டை வறள இரண்டு மணி நேரம் அவளுடைய பேரன் போட்டோக்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள், வியாழக்கிழமை, துறைச் செயலாளர் பெண் போகிற போக்கில் சொன்னாள்: நாளை மூன்று மணிக்குக் குழு கூடுகிறது, பட்டியலில் இரண்டு பெயர், இரண்டுமே வெளியூர். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஜெயசங்கரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"என்னது? வேண்டாம்னு சொன்னியா?"

"வேண்டாம்னு சொல்லலை. என்னைவிடத் தகுதியானவங்க இருக்காங்கன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் கமலி."

"அவர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாமில்ல? அவ்வளவு பெரிய மனுஷனுக்கு அதுகூடத் தெரியாதா?"

ஜெயசங்கர் சாப்பாட்டை விட்டுவிட்டு, எழுந்து கையைக் கழுவி, ஈரக் கையோடு போய் என் ஆய்வேட்டை எடுத்து வந்தார். ராத்திரி ராத்திரியாக அதை டைப் அடித்தவர் அவர்தான். மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டி ஓர் அட்டவணையை என் முன்னால் வைத்தார்.

"படி. நான் அடிச்சதுதான், ஆனா எழுதினது நீ."

படித்தேன். நாற்பது வருஷத்தில் தலைமைப் பதவிக்குப் பெயர் சொல்லப்பட்டபோது மறுத்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் மறுபடியும் கேட்கப்பட்டவர் ஒருவருமில்லை. பின்னால் தலைவரானவரும் ஒருவருமில்லை. குமாஸ்தா 'மறுத்தார்' என்று ஒரு வார்த்தை எழுதுகிறார், அடுத்த வரியில் அடுத்த பெயர். இதை நானே எண்ணி, நானே எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம், எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? போய்ப் பிச்சை கேட்கட்டுமா?" என்று கத்தினேன். அழுகை வந்தது, அதை மறைக்க இன்னும் கத்தினேன்.

"இந்த ஒன்பது பேர்ல யாராவது மறுநாள் திரும்பி வந்து, வேணும்னு கேட்டிருக்காங்களா?"

"இல்லை."

"கேட்டா என்ன ஆகும்?"

"தெரியாது. ஆதாரம் இல்லை."

"அப்போ நாளைக்குப் போய்க் கேளு. ஆதாரம் கிடைக்கும்" என்று அவர் மறுபடி சாப்பிட உட்கார்ந்தார். இந்த மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் பண்ணுவது!

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மெட்ரோ ஏறினேன். ரயில் ஆற்றுக்கு அடியில் போகும்போது திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். நமக்கு நாமே கேட்பது என்பது என் வீட்டில் யாரும் செய்ததில்லை. அப்பா தாசில்தாராக ஓய்வு பெற்றார், ஒரு பதவி உயர்வுக்குக்கூட வாய் திறந்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

விட்லாக் கோப்புகளோடு புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்த வேலை வேண்டும்" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வேண்டாம் என்றீர்களே?"

"எங்கள் ஊரில் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். கேட்பவர் விடாமல் கேட்க வேண்டும்."

"எத்தனை தடவை?"

"மூன்று."

அவர் சிரிக்கவில்லை. முகம் சிவந்து போயிற்று. "எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்று கோப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "குழுவிடம் நான் சொல்வது சரியாக இருக்காது. நீங்களே வந்து சொல்லுங்கள். வாருங்கள்."

நீண்ட மேசையைச் சுற்றி ஐந்து ஆண்கள். நின்றுகொண்டே பேசினேன். அடித்தளத்துக் குறிப்புகளைப் பற்றி, அந்த நாலு பேரின் ரகசிய ஓட்டைப் பற்றி, இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் நடத்த விரும்பும் பாடத்தைப் பற்றி. அதுவரை கஷ்டமில்லை. செனட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன கூச்சம்?

கடைசியில் ஓரத்தில் இருந்த கிழவர் ஒருவர் பட்டியலைத் தட்டினார். "இதில் இருக்கிற முதல் ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவருடைய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன்."

"இந்த வேலைக்கு அவர் உங்களைவிடப் பொருத்தமானவரா?"

நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஐயையோ, அவர் எங்கே, நான் எங்கே! ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். விட்லாக் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை. நான்தான் பொருத்தம்" என்றேன். காது இரண்டும் எரிந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன், பிறகு நினைப்பதை நிறுத்தினேன். கிழவர் ஏதோ குறித்துக்கொண்டு, "சரி" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை டெலிபோன் அடித்தது. விட்லாக்தான். வானிலையை விசாரித்தார், ஜெயசங்கரின் உடம்பை விசாரித்தார். எங்கள் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குழு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இப்போது நான் முதல் தடவையாகக் கேட்கிறேன். இந்த வேலையை நீங்கள்" என்று ஆரம்பித்தார்.

அவர் முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை.