ஏழரைக்குள் பிரியூத்

சோலாஞ்ச் பள்ளிக்கூடச் சமையல்காரி. ஐம்பத்திரண்டு வயது. பிரான்சில் பிரியூத் ஊர்ச் சங்கம் நடத்தும் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் போன இரண்டு வருடமும் நேரம் தவறித் தோற்றவள். இந்தத் தடவையும் மாலை ஏழரைக்குள் திரும்பி வராவிட்டால் சைக்கிளை விற்றுவிடுகிறேன் என்று கணவன் ஃபெலிக்ஸிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அவனோ அதற்குள் அதை வாங்க ஆளே பார்த்துவிட்டான், பாவி மனுஷன்.

துணைக்கு வந்தவள் அவனுடைய தங்கை ரெஜீன். பதினான்கு வருடமாக ஒரு ஓட்டத்திலும் தோற்காதவள். கால் இரும்பு, நாக்கு அதைவிட.

"அண்ணி, வாயப் பொளந்து பாத்தது போதும். மிதிங்க!"

சோலாஞ்ச் என்ன செய்வாள்? பிறந்ததிலிருந்து பார்க்கிற அலியே ஆறுதான். ஆனாலும் லாவூத் கிராமத்தை அது வளைத்துக்கொண்டு ஓடுகிற அழகு இருக்கிறதே, அப்பப்பா! எதிர்க்கரையில் எந்தக் காலத்திலோ எரிமலை கக்கிய குழம்பு உறைந்து, கருங்கல் தூண்களாக வரிசைகட்டி நின்றது. அதைப் பார்க்காமல் போகிறவளுக்குக் கண் எதற்கு என்று நினைத்துக்கொண்டே மிதித்தாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வந்ததில், வந்துபோனதற்கு அடையாளமாக அட்டையில் முத்திரை வாங்கவேண்டிய ரொட்டிக் கடைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் மாடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். முன்னால் போன ரெஜீன் கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

"முத்திரை போடணும்! சீக்கிரம் இறங்கி வாங்க!"

ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

"வணக்கம்கூடச் சொல்லாமலா கத்துன?" சோலாஞ்ச் தலையில் அடித்துக்கொண்டாள். "அதுவும் சாப்பாட்டுல உக்காந்திருக்கிற மனுஷன!"

"நேரம் ஓடுது அண்ணி!"

சோலாஞ்ச் தலைக்கவசத்தைக் கழற்றினாள். "வணக்கம் ஐயா. சாப்பிடுற நேரத்துல வந்துட்டோம், மன்னிச்சுக்கோங்க."

கழுத்தில் செருகிய துணியோடு அவர் இறங்கி வந்தார். அவளுக்கு வணக்கம் சொல்லி, அவள் அட்டையில் முத்திரையைக் குத்தினார். ரெஜீன் நீட்டிய அட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"வணக்கம் எதுவும் காதுல விழல. இந்தம்மா இன்னும் வந்தே சேரலையே," என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

ரெஜீனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "நீங்க போங்க அண்ணி. உங்க அட்டை முடிஞ்சுது. அந்த ஆள் கிட்ட நான் பணிய மாட்டேன்."

முத்திரை இல்லாத அட்டை செல்லாது. பதினான்கு வருடப் பெயர் ஒரு வணக்கத்துக்காகப் போய்விடும். சோலாஞ்ச் சைக்கிளை எதிரே இருந்த மாதா கோயில் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"நீ வணக்கம் சொல்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்டி."

சொல்லிவிட்டாளே தவிர, கண் கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஐந்து நிமிடம், பத்து, இருபது. மாடியில் கரண்டிச் சத்தம் நிதானமாகக் கேட்டது. ரெஜீன் தூண் மாதிரி நின்றாள். கடைசியில் தெரு நாய்கள் குரைக்கும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"வணக்கம் ஐயா! தப்பு என் மேலதான்!"

அவர் இறங்கி வந்து முத்திரை குத்தினார். ஆளுக்கொரு துண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கையில் திணிக்காமல் விடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எதிர்காற்று. ரெஜீன் முன்னால் போய்க் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். "என் பின்சக்கரத்த விட்டு நகராதீங்க," என்றதோடு சரி. கரும்பாறை உச்சிக் கோட்டைகள், பயறு வயல்கள், சிவப்பும் கறுப்புமாகக் கல் வைத்துக் கட்டிய கோயில்கள் எல்லாம் பின்னால் போயின. சோலாஞ்ச் இப்போது அந்த முதுகை மட்டும் பார்த்தாள். எப்பேர்ப்பட்ட பெண்பிள்ளை இவள் என்று வியப்பாக இருந்தது.

பிரியூத்துக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது ரெஜீனின் டயர் ஒட்டவும் முடியாதபடி வெடித்தது. மணி ஏழு பதினைந்து.

"போங்க!"

"உன்ன விட்டுட்டா?"

"இப்ப நின்னீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்க முகத்துல முழிக்க மாட்டேன். போய்த் தொலைங்க!"

சோலாஞ்ச் அழுதுகொண்டே மிதித்தாள். ஏழு இருபத்தெட்டுக்குக் கடைசி முத்திரை விழுந்தது. மேஜையைச் சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள். அவள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டு மணிக்கு ரெஜீன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சங்கச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நேரம் கடந்த அட்டைக்கு முத்திரை கிடையாது.

"என்னாலதானேடி," என்றாள் சோலாஞ்ச். "நான் பராக்குப் பாக்காம வந்திருந்தா..."

"சும்மா இருங்க." ரெஜீன் கையில் ஒட்டிய சங்கிலிக் கறையைத் தேய்த்தாள். "பதினாலு வருஷம் ஜெயிச்சிருக்கேன் அண்ணி. எனக்காக ஒருத்தரும் அப்படி உக்காந்ததில்ல."

சோலாஞ்ச் அவளுடைய கறை படிந்த கைகளைப் பிடித்துக்கொண்டாள்.