எழுபது சதவீதக் கணவர்

சலூன்காரர் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து, எழுபது சதவீதம் பிழைத்து வீடு திரும்பினார். மீதி முப்பது சதவீத நேரம் அவர் இருக்க மாட்டார். பேசிக்கொண்டே இருப்பார், சட்டென்று நாற்காலி காலியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்வார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "எங்க போனேன்? இங்கதானே இருக்கேன்!" என்று எரிந்து விழுவார்.

தப்பு முழுக்க அவர் மனைவியுடையது என்று தெரு பேசியது. தெருவுக்கு வேறு வேலை ஏது? டாக்டர் முதலில் ஒழுங்காகத்தான் சொன்னார்: நூறு பேருக்கு இதைச் செய்தால் எழுபது பேர் பிழைப்பார்கள். ஆனால் அவள் தையல்காரி, ஒருவர் அளவை வைத்து இன்னொருவருக்குத் துணி வெட்டியே அறியாதவள். "நூறு பேர் எனக்கெதுக்கு டாக்டர்? இவர் ஒருத்தரப் பத்திச் சொல்லுங்க" என்று கதவை மறித்து நின்றுவிட்டாள். வெளியே கூட்டம் காத்திருந்த எரிச்சலில் டாக்டர், "சரிம்மா, இவருக்கு எழுபது சதவீதம், போதுமா?" என்று சொல்லித் தொலைத்தார். அப்படியே ஆயிற்று.

கணக்கு வாத்தியாரான அவள் தம்பி விளக்க வந்தான். "ஒத்தை ஆளுக்குச் சதவீதமே கிடையாதுக்கா. நூறு மாமா இருந்திருந்தா கணக்கு சரியா வந்திருக்கும்."

"போடா, ஒரு மாமாவுக்குச் சமைச்சுப் போட்டே இடுப்பு ஒடியுது!"

சலூன் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. முகத்தில் நுரையோடு பேப்பர் படித்துக் காத்திருக்க எல்லோரும் பழகிக்கொண்டார்கள். பாதி மீசையோடு வீட்டுக்கு ஓடிய ஒரே ஆள் புதிதாகக் குடிவந்தவர். அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. நாற்காலி காலியாகும்போதெல்லாம், இந்தத் தடவை திரும்பாமலே போய்விட்டால் என்று தையலை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பாள்.

சில வருடங்கள் கழித்து டாக்டரே கூப்பிட்டனுப்பினார். இன்னொரு முறை நெஞ்சைத் திறக்கலாம். ஒன்று, முழுசாக வந்துவிடுவார், இல்லை, முழுசாகப் போய்விடுவார். பழைய எண்ணுக்காக வருத்தமும் தெரிவித்தார். "அது அவரோட அளவு இல்லம்மா. எனக்குத் தெரியாததோட அளவு."

"அப்ப நீங்கதானே குறையணும்? இவர் ஏன் குறையறார்?"

டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "இந்தத் தடவை சான்ஸ்..." என்று ஆரம்பித்தார். அவள் மேஜைக்கு மேலே எட்டி அவர் வாயைப் பொத்தினாள். "வேணாம் சாமி, மறுபடி நம்பர் சொல்லிடாதீங்க! இருக்கறதாவது இருக்கட்டும்." நல்லவேளையாக அப்போது இருந்த சலூன்காரர், "எனக்கென்ன குறைச்சல்?" என்று எழுந்துகொண்டார்.

திரும்பி வந்த பஸ்ஸில் நல்ல கூட்டம். பாதி வழியில் பக்கத்து இருக்கை காலியானது. நின்றிருந்த ஒருவர் உட்கார வர, அவள் சூடு ஆறாத இருக்கையில் உள்ளங்கையை வைத்து, "இங்க ஆள் இருக்காருங்க" என்றாள். வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. அவள் எழவில்லை.

"எறங்கலையாம்மா?" என்றார் கண்டக்டர்.

"அவர் வரட்டும்."

கண்டக்டர் கடைசி நிறுத்தம் வரைக்கும் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.