இடது பக்க வெளிச்சம்

சுதாகரனுடைய காரின் இடது பக்க ஹெட் லைட்டிலிருந்து வந்த வெளிச்சத்தின் மேல் புஷ்பம் பதினோரு ஈரக் கம்பளிகளைக் காயப் போட்டது, வைகாசி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. வெளிச்சம் அவ்வளவு பாரத்தையும் தாங்கியது. கம்பளிகள்தான் காயவில்லை, பிற்பகலில் மழை வந்துவிட்டது. கரவனெல்லைக்கு மேலே, பலாக்காட்டுத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் அந்த வாரம் தேங்காய் விலை ஏறியதைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. புஷ்பத்தின் புருஷன் அழகமுத்து மட்டும், இனிக் கொடிக்கயிறு வாங்கத் தேவையில்லை என்று சொன்னதாகத் தெரிகிறது.

சுதாகரன் அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். பால் வெட்டுகிறவனுக்குக் கார் எதற்கு என்று தொழிலாளர் லயத்தில் கேட்காதவர்கள் இல்லை, ஆனால் கேட்ட எல்லோருக்கும் பதில் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி ஜீவராணிக்கு வலி கண்டபோது தோட்டத்து லொறி ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. பிள்ளை லொறியிலேயே பிறந்து, ஆஸ்பத்திரி வாசலைக் காணாமலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு ஜீவராணி ஆறு மாதம் ஒரு சொல்லும் பேசவில்லை. ஏழாம் மாதம் அவள் பேசிய முதல் பேச்சு, "நம்மகிட்ட ஒரு வண்டி இருந்திருந்தா" என்பது. சுதாகரன் அவளுடைய காதுத் தோட்டையும் தன் சேமிப்பையும் சேர்த்து, இருபத்தாறு வயதான ஒரு வெள்ளைக் காரை வாங்கி லயத்து வாசலில் நிறுத்தினான். இப்போது ஜீவராணிக்கு மறுபடியும் மாதம் நிறைந்திருந்தது. பிரஷர் கூடுதலாக இருக்கிறது, முதல் வலி கண்டதுமே கொண்டுவந்துவிட வேண்டும், இந்தத் தடவை பிந்தினால் தாய்க்கும் ஆபத்து என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சுதாகரன் பால் வெட்டும்போதும் சட்டைப் பையில் கார்ச் சாவியை வைத்திருந்தான்.

அப்படிக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த காரை அவனே கொண்டுபோய்ப் பால் சேர்க்கும் மடுவத்துச் சுவரில் இடித்தான். பெரிய இடி இல்லை. லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காதுகளில் மேல் காது மட்டும் உடைந்தது. அதன்பின் இடது லைட் தூக்கம் பிடித்தவன் தலையைப் போலத் தொங்கியது. வெளிச்சம் பாதையில் விழாமல் முன் சக்கரத்தடியில் விழுந்தது. அந்த மலைப்பாதையில் பள்ளம் முழுவதும் இடது பக்கம்தான். கீழே ஓடும் ஆறான ஓயாவுக்கு அக்கரையில் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் ஸாஜித் வந்து, விரல் நுனியால் லைட்டை ஆட்டிப் பார்த்தார்.

"காது மட்டும் தனியா வராது தம்பி. முழு லைட்டையும் மாத்தணும்" என்றார்.

விலையையும் சொன்னார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். அந்தக் காசு ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒதுக்கிய காசு. சுதாகரன், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, வீட்டிலேயே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தான்.

அவன் செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லயத்துச் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளிக் காரை நிறுத்தி, இரண்டு லைட்டையும் போட்டு, வலது வெளிச்சம் சுவரில் விழுந்த உயரத்துக்கு ஒரு கரிக்கோடு கிழித்தான். இடதைக் கையால் தூக்கி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். உடைந்த இடத்தில் ஒட்டுப்பாலை, அதாவது மரத்துக் காயத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பரை, உருட்டித் திணித்தான். மிச்ச இடுக்குகளில் அன்று வெட்டிய பாலை ஊற்றினான். பால் உறைய வேண்டுமே, அதற்கு ரப்பர் ஷீற் அடிக்கும் ஸ்டோரிலிருந்து அழகமுத்து ஒரு சோடாப் போத்தலில் கொண்டுவந்து தந்த ஆசிட்டில் ஒரு மூடி விட்டான். மழைக் குளிரில் பால் சீக்கிரம் உறையாது என்பதால், பால்காரர்களின் வழக்கப்படி இன்னொரு மூடியும் விட்டான். ஒரு மெக்கானிக்காக இருந்தால் முதலில் லைட்டை அணைத்திருப்பான். சுதாகரன் கரிக்கோட்டையே பார்த்துக்கொண்டு, எரிகிற லைட்டுக்குள் ஆசிட்டை விட்டான். பாலோடு சேர்ந்து வெளிச்சமும் உறைந்துவிட்டது.

அதிலிருந்து அந்த லைட்டைப் போட்டால் வெளிச்சம் உடனே வராது. கண்ணாடியில் முதலில் வெள்ளையாகத் திரண்டு, பிறகு மெதுவாக நீண்டு, ஒரு நிமிடத்தில் சுமார் அறுபது அடி தூரத்துக்குப் போய் நிற்கும். லைட்டின் அருகில் ஒரு சாண் அகலம், போகப் போக அகன்று கடைசியில் ஒரு பாய் அகலம். தொட்டால் புதிதாக அடித்த ரப்பர் ஷீற்றைப் போலக் கொஞ்சம் அமுங்கும், சூடும் இருக்கும். அணைத்தால் வந்த வழியே திரும்பி உள்ளே போய்விடும். புஷ்பம் கம்பளி காயப் போட்டது இதன் மூன்றாம் நாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உறைந்த வெளிச்சத்துக்குப் பாரம் உண்டு என்பதைச் சுதாகரன் யோசித்திருக்கவில்லை. அந்தப் பாரம் ஒட்டுப்பாலை இழுத்தது, ஒட்டுப்பால் இழுபட்டது, லைட் மறுபடியும் தொங்கியது. ஒவ்வொரு நாளும் அவன் லைட்டைத் தூக்கிக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொரு நாளும் அது அரை விரல், ஒரு விரல் என்று இறங்கியது. ஏழு நாளில் அதன் குணம் அவன் மணிக்கட்டுக்குப் பழகியது. அவன் மனதில் பயமும் ஏறிக்கொண்டே போனது. மலிவாக முடிக்கப் பார்த்தது தப்போ என்று அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். ஜீவராணியிடம் சொல்லவில்லை.

எட்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு அவளுக்கு வலி கண்டது. காலையிலிருந்து விடாத மழை, பகலே இருட்டிக் கிடந்தது. புஷ்பமும் அழகமுத்துவும் பின் சீற்றில் ஏறி ஜீவராணியைத் தாங்கிக்கொண்டார்கள். சுதாகரன் வலது லைட்டை மட்டும் நம்பி, வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்கினான். கடைசி வளைவில் பிரேக்கை மிதித்தான். ஓயாவின் மேல் பாலம் இல்லை. இரண்டு கரையிலும் உடைந்த கொங்கிரீட் பல் நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் ஐம்பதடிக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் மரங்களை உருட்டிக்கொண்டு போனது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். வேறு பாதை கிடையாது. சுதாகரன் ஸாஜித்துக்குப் போன் எடுத்தான். ஐந்து நிமிடத்தில் அக்கரையில் ஸாஜித்தின் திரீவீலர் வந்து நின்றது. அவர் இறங்கி, தண்ணீரைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

பின் சீற்றில் ஜீவராணி முனகவில்லை. "லொறி மாதிரியேதான், இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வழி சொன்னது புஷ்பம்தான். "தம்பி, அந்த இடது லைட்டப் போடு. பதினோரு ஈரக் கம்பளியத் தாங்குச்சு. இந்தப் புள்ளையத் தாங்காதா?"

அவன் காரை உடைந்த விளிம்புவரை கொண்டுபோய், சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, லைட்டைப் போட்டான். வெளிச்சம் திரண்டு வந்தது, ஆனால் பள்ளத்தைப் பார்த்து இறங்கியது. பொனட்டைத் திறந்து, லைட்டைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்க அழகமுத்துவிடம் சொன்னான். அழகமுத்து பலசாலி, ஆனாலும் அவன் கையில் அது நான்கு விரல் இறங்கிவிட்டது. சுதாகரன் இரண்டு கையையும் பின்னால் கொடுத்துத் தூக்கியபோதுதான் வெளிச்சம் நிமிர்ந்து, தண்ணீருக்கு மேலே நீண்டு, அக்கரைப் பாதையில் போய்ப் படிந்தது. அப்போது அவனுக்கு விளங்கியது, ஜீவராணியோடு அவன் போக முடியாது.

முன்னால் புஷ்பம், நடுவில் ஜீவராணி, பின்னால் அழகமுத்து என்று நின்றார்கள். ஜீவராணி காலை எடுத்து வைக்கவில்லை.

"செருப்பக் கழட்டணுங்க. வெளக்கு வெளிச்சம். செருப்புக் காலோட மிதிக்கக் கூடாது."

"இந்த நேரத்துல இதாடி முக்கியம்?" என்று சுதாகரன் கத்தினான்.

அவள் கழற்றித்தான் ஏறினாள். குனிய முடியாத அவளுக்காகப் புஷ்பம் அந்த இரண்டு ரப்பர் செருப்பையும் எடுத்து, பொனட்டுக்குள் பற்றரியின் மேல் வைத்தாள். புஷ்பத்துக்கும் அழகமுத்துவுக்கும் எப்போதும் வெறுங்கால்தான்.

அதன்பின் சுதாகரன் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. லைட்டின் பின்புறத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு எல்லாமே மணிக்கட்டு வழியாகத்தான் வந்தது. மூன்று பேருடைய அடியும் தனித்தனியாகத் தெரிந்தது. புஷ்பத்தின் அடி குறுகியது. அழகமுத்துவின் அடி கனமானது. நடுவில் வந்தது இரண்டு உயிரின் பாரம். பத்தடி, இருபதடி. போகப் போகப் பாரம் கூடியது, நீண்ட கம்பின் நுனியில் வாளியைத் தொங்கவிட்டதைப் போல. முப்பதடி போல இருக்கும்போது நடுப்பாரம் நின்றது. வலி வந்துவிட்டது. ஜீவராணி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் என்பது அவனுக்குக் கையிலேயே தெரிந்தது. ஒட்டுப்பால் நூல் நூலாகப் பிரிந்தது. லைட் ஒரு விரல் இறங்கியது. அக்கரையில் ஸாஜித் அல்லாவைக் கூப்பிட்டது கேட்டது. சுதாகரன் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள், திரும்பினால் கால் பிசகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது விரலும் இறங்கியது.

அவன் நெற்றியைச் சூடான லைட்டின் முதுகில் அழுத்தி, வலது கையை எடுத்தான். முழுப் பாரமும் இடது கைக்கும் நெற்றிக்கும் வந்தது. நெற்றித் தோல் கருகியது. பற்றரியின் மேல் தடவி, கையில் அகப்பட்ட செருப்பை இரண்டாக மடித்து, லைட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வைத்துக் குத்தினான். அது உள்ளே போகவில்லை. மறுபடியும் குத்தினான். குதிகால் பக்கம் உள்ளே போய், மடிப்பு விரிந்து, அளவெடுத்துத் தைத்ததைப் போல உட்கார்ந்தது. லைட் நின்றது. இந்த மலையில் வெட்டிய பாலாகக்கூட இருக்கலாம் அந்தச் செருப்பு, யார் கண்டது. சிறிது நேரத்தில் நடுப்பாரம் எழுந்தது, நடந்தது. பிறகு மூன்று பாரமும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் போயின. அக்கரையிலிருந்து, "சரி தம்பி, ஏத்திட்டோம்" என்று ஸாஜித் சத்தம் வைத்தார். திரீவீலர் போகும் ஓசை கேட்டது.

சுதாகரன் ஒரு விரல் ஒரு விரலாகக் கையை எடுத்தான். லைட் அசையவில்லை. மிஞ்சிய ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான், தன் செருப்பைக் கழற்றிக் கரையிலேயே விட்டான், பிடிக்க ஆளில்லாத வெளிச்சத்தின் மேல் ஏறி நடந்தான். கீழே பார்க்கவில்லை. சந்திவரை ஓடி, பஸ் பிடித்து, கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போனான். சேறு பட்ட வெறுங்காலைப் பார்த்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்தில் ஏசினார். அவன் அந்த ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் எழுந்தான். ஏழாவது முறை, பெண் பிள்ளை, இரண்டே முக்கால் கிலோ, தாயும் சுகம் என்று சொன்னார்கள். அவன் வாங்கிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். உள்ளே விட்டபோது ஜீவராணி பிள்ளையைக் காட்டுவதற்கு முன் அவன் கையைப் பார்த்தாள்.

"மத்தது எங்க?"

"லைட்டுல இருக்கு" என்றான் சுதாகரன்.

மறுநாள் காரை எடுக்கப் போனபோது பற்றரி இறங்கிப்போயிருந்தது, வெளிச்சம் அப்படியே இருந்தது. நீண்ட நேரம் எரிந்ததில் அது புகைக்கூண்டில் காய்ந்த ஷீற்றைப் போல இறுகிவிட்டது, இனி உள்ளே போகாது என்று அழகமுத்து தட்டிப் பார்த்துச் சொன்னான். உறைந்தது பாலாகத் திரும்புவதில்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நாற்பது பேர் போய் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்கள். காரை நகர்த்தினால் டிவிசன் தனித்துப்போகும். சுதாகரன் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினான். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஏரம்பமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர், ஒழுங்கு பார்க்கிற மனிதர். "சப்பாத்தோட போகேலாதோ? உது என்ன கோயிலே?" என்று ஒரு வாரம் கரையில் நின்றே வாதாடினார். பிறகு ஒரு நாள் குடையை அக்குளில் வைத்து, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, காற்சட்டையை மடித்துவிட்டு நடந்தார். மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், பாலம் தற்காலிகமாக உள்ளது என்று இருந்தது. புதுப் பாலம் பட்டியலில் இருப்பதாகப் பதிலும் வந்தது.

பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. காரின் சக்கரங்களில் கொடி படர்ந்துவிட்டது. பால் நிறைந்த வாளிகள் இப்போது அந்த வழியாகத்தான் போகின்றன, மழை நாளில் கொஞ்சம் வழுக்குகிறது என்று குறை சொல்கிறார்கள். சுதாகரனின் நெற்றித் தழும்பை யாரும் விசாரிப்பதில்லை. மகளுக்கு ஒரு வயது முடிந்த வாரம் ஊசி போடுவதற்காகக் கிளினிக்குக்குப் போகும் வழியில், ஜீவராணி அவளை வெளிச்சத்தின் மேல் இறக்கிவிட்டாள். பிள்ளை நாலைந்து அடி நடந்து, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தாள். சந்திக் கடையில் ஜீவராணிக்குப் புதுச் செருப்பு வாங்கித் தருவதாகச் சுதாகரன் சொன்னான். ஜீவராணி பொனட்டுக்குள் கையை விட்டு, அந்தச் செருப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வேணாங்க. பழசு இன்னும் தேயல" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் பின்னால் நடந்தாள்.