பாலம் தாண்டிய வாடகைக் கார்

ரயில் கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்றதும் ஓட்டுநரின் கை தானாகச் சாவியைத் திருகி இஞ்சினை அணைத்தது. நிற்கிற வண்டி டீசல் குடிக்கக் கூடாது என்பது பதினொரு வருடப் பழக்கம். அணைத்த பிறகுதான் பாலத்தைத் தாண்டி வந்திருப்பது உறைத்தது.

ரயில் போனது. கேட் மேலே ஏறியது. சாவியைத் திருகினார். விளக்குகள் எரிந்தன. இஞ்சின் முனகக்கூட இல்லை.

“என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றாள் முன்சீட்டில் இருந்த தையல்காரி.

“பூட்டிட்டானுங்க. இது வாடகை வண்டி. பாலந்தான் எல்ல. அதத் தாண்டுனா கம்பெனிக்காரன் ஆபீஸ்ல இருந்தே பூட்டிருவான். ஓடுற வண்டிய ஒண்ணும் பண்ண முடியாது. அணைச்சா அவ்ளோதான். நாசமாப்போன கை.”

“தெரிஞ்சேதான் வந்தீங்களா?”

“இந்தப் பக்கம் வர்ற பஸ்ஸ நிறுத்திட்டாங்க. வேற எவன் வருவான்?”

பின்சீட்டில், தொழிற்சாலையில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவள். அவளுடைய இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு. அதை அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் மடியில் தாங்கியிருந்தார்கள். தொழிற்சாலைப் படிக்கட்டில் விழுந்து உடைந்த கால். இன்று எட்டு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம்.

“நீங்க நடந்து போங்கடி. உங்களுக்கும் லேட்டாயிடும்.”

“பேசாம உக்காருக்கா. நீ சும்மா உக்காந்து நாங்க பாத்ததே இல்ல.”

மூன்று பெண்களும் இறங்கிக் காரைத் தள்ளப் பின்னால் போனார்கள். ஓட்டுநர் திறந்த கதவோடு நடந்தபடி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். தண்டவாள மேட்டில் ஏற்ற மூன்று முறை தம் கட்டவேண்டியிருந்தது. அப்புறம் வண்டி உருண்டது.

பாதி வழியில் கார் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“வண்டிய லாக் பண்ணியிருக்கோம். மேப்ல நகருதே?”

“தள்ளுறோம்.”

“உடனே நிறுத்துங்க. இல்லன்னா நாளைலேருந்து உங்களுக்கு வண்டி கிடையாது.”

“இஞ்சினத்தான் பூட்டுனீங்க. கை என்னுது.”

“சார், நீங்க சும்மாதான இருக்கீங்க,” என்றாள் தையல்காரி மூச்சு வாங்க. “வந்து ஒரு கை குடுங்க.”

எட்டாக ஐந்து நிமிடம் இருக்கையில் கார் தொழிற்சாலையின் பெரிய கேட்டுக்கு முன்னால் நின்றது. ஆட்கள் நுழையும் வழி பக்கத்தில், சுழல் கம்பி போட்டது. அக்கா ஊன்றுகட்டைகளோடு இறங்கி நுழையப் பார்த்தாள்; மடக்க முடியாத கால் அதற்குள் திரும்பவில்லை.

“பெரிய கேட்டத் திறங்கண்ணே,” என்றாள் தையல்காரி.

“அது லோடு வண்டிக்கு மட்டும்தாம்மா,” என்றார் வாட்ச்மேன். “ஆளுக்குத் திறந்தா என் வேல போயிரும்.”

பின்னால் துணி ஏற்றிய லாரி வந்து ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் ஓடிப்போய் இரண்டு கதவையும் விரியத் திறந்தார்.

“கார எடுப்பா.”

“ஸ்டார்ட் ஆகாது.”

“தள்ளிட்டுத்தான வந்தீங்க? ஓரமாத் தள்ளு.”

“கை வலிக்குதுண்ணே,” என்று மூன்று பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அக்கா கக்கத்தில் கட்டைகளை ஊன்றி, காரைச் சுற்றிக்கொண்டு, லாரிக்காகத் திறந்த வாசலின் நடுவில் நடந்தாள். அடிக்கு அடி லாரி ஹாரன் அடித்தது. அவள் ஓரம் போகவில்லை.