பின் சந்து வழியாக வந்த இணைப்பு

எங்கள் செவிலியர் பயிற்சி மையத்தில் நான் அலுவலக மேலாளர். போன பருவத் தேர்வின் நடுவில் இணையம் நின்றுபோய், அறுபது மாணவிகள் பாதி விடையோடு திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. இனி அப்படி நடக்கக் கூடாது என்று முதல்வர் அம்மா நெட்வொர்க் வேலையை, அந்தத் துறையில் பொறியாளரான என் நாத்தனாரிடம் ஒப்படைத்தார். சொந்தக்காரியை நுழைத்துவிட்டேன் என்று நாலு பேர் பேசுவார்களே என்று எனக்குக் கவலை.

இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைப்பு வாங்குவது அவள் திட்டம். ஒன்று போனால் மற்றது தாங்கும். இரண்டும் வெவ்வேறு பாதையில் வருவதாக விற்பனையாளர்கள் அடித்துச் சொன்னார்கள். நாத்தனார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் கையுறையும் டார்ச்சுமாகத் தெருவில் இறங்கிவிட்டாள். நிறுவன ஆட்களைக் கூட வைத்துக்கொண்டு, முச்சந்தி வரை கேபிள் குழிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தாள். மதியம் உடையெல்லாம் சேறாக என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணி, ரெண்டு கேபிளும் ஒரே குழாய்லதான் வருது. யாராவது ஒரு பள்ளம் தோண்டினாப் போதும், ரெண்டும் சேர்ந்து போயிடும்."

இரண்டாவது இணைப்பு பின் சந்து வழியாக வந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றாள். அதற்கு இன்னும் மூன்று வாரமாகும். முதல்வருக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி வீட்டில் நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. என் கணவரோ தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் சிக்காமல் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

ஒருவழியாகக் கேபிள் வந்தது. கட்டடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வோர் அறை எடுத்து, ஒவ்வொன்றிலும் ரவுட்டர், ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வால், பேட்டரி என்று தனித்தனியாக வைத்தாள். மாணவிகளின் போன்கள் ஒரு வழி, தேர்வுக் கணினிகள் வேறு வழி, அலுவலகம் இன்னொரு வழி. ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் அடுத்ததை எட்டிப் பார்க்க முடியாது.

மாதிரித் தேர்வு நாள் வந்தது. அறுபது பேரும் எழுதிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் முதல்வரையும் என்னையும் முன்னறைக்கு அழைத்துப்போய், தெருவிலிருந்து வரும் கேபிளைக் காட்டினாள்.

"நீங்களே புடுங்குங்க மேடம்."

முதல்வர் என்னைப் பார்த்தார். பிடுங்கினார். ரவுட்டரில் ஒரு விளக்கு சிவப்பானது. இருவரும் தேர்வுக் கூடத்துக்கு ஓடினோம். ஒருத்திகூடத் தலை நிமிரவில்லை. டக் டக்கென்று தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த முதல்வருக்கு ருசி கண்டுவிட்டது.

"இன்னும் எதைப் புடுங்கலாம்?"

நாத்தனார் சிரித்துக்கொண்டே முன்னறையின் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தச் சொன்னாள், பேட்டரியையும் சேர்த்து. மறுமுனை அறை தாங்கிக்கொண்டது; தேர்வு அப்போதும் நிற்கவில்லை. இருட்டறையை விட்டு வெளியே வந்த முதல்வர், இப்படி வேலை செய்யும் ஒருவரை இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மாலைப் பேருந்தில் அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எதிரே இருந்த பெண்ணிடம், அவர் கேட்காமலே, இவள் செய்த வேலையை இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. இருந்தாலும் நான் நிறுத்தவில்லை.